மே 16 அமாவாசை, மழை வாய்ப்பு 60%: உவரிக்குப் போகலாமா, அடுத்த மாசத்துக்குத் தள்ளலாமா?

பனங்காட்டு ராத்திரி | புதன், இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். வர்ற சனிக்கிழமை அமாவாசை. பால்வெளி மையத்தைக் கடலோட சேர்த்து எடுக்கத் திட்டம். பாளையங்கோட்டையில இருந்து மூணு பேர், ஒரு கார். கையில இருக்கிறது ஃபுல் ஃப்ரேம் கேமரா, 14 மி.மீ. எஃப் 2.8, 24 மி.மீ. எஃப் 1.8, 135 மி.மீ. லென்ஸ், ஒரு ஸ்டார் டிராக்கர் (வானம் நகர்றதுக்கு ஏத்தபடி கேமராவைத் திருப்புற கருவி). கூட வர்றவர்கிட்ட 6 அங்குல டெலஸ்கோப்பும் இருக்கு.

போன் ஆப் மழை வாய்ப்பு 60%, மேகம் 70%ன்னு காட்டுது. வானிலை மையத்து அறிக்கையில "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை" அப்படின்னு இருக்கு. போகலாமா? இடமா யோசிச்சது உவரிக் கடற்கரை, மணிமுத்தாறு அணை அடிவாரம், தேரிக்காடு. எதுன்னாலும் சரி, நேரத்தோட சொன்னா உதவியா இருக்கும்.

கேட்டை மூலம் | புதன், இரவு 10:05

தம்பி, அந்த 60%ஐ முதல்ல ஓரமா வைங்க. நாள் முழுசுக்கும் சேர்த்து உங்க இடத்துல மழை விழ எவ்வளவு வாய்ப்புன்னு அது சொல்லுது. உங்களுக்குத் தெரிய வேண்டியது ராத்திரி 12க்கும் 4:30க்கும் நடுவுல வானம் எப்படி இருக்கும்ங்கிறது. சாயங்காலம் 5 மணிக்குக் கொட்டி ஓயற மழையும் அந்த 60%ல அடங்கும்.

வானிலை மையத்துச் சொற்களுக்குக் கணக்கு இருக்கு. "ஓரிரு இடங்களில்"னா நாலுல ஒரு பங்கு நிலையங்களுக்கு மேல மழை எதிர்பார்க்கலைன்னு அர்த்தம். "ஒரு சில இடங்களில்"னா பாதி வரைக்கும். "பெரும்பாலான இடங்களில்"னு வந்தா முக்கால் பங்குக்கு மேல. முதல் ரகம்னா கிளம்புற யோசனையிலேயே இருங்க. கடைசி ரகம்னா பையைப் பிரிச்சு வச்சிருங்க.

இனி மேகம். நம்ம பக்கம் மே மாசத்து மேகத்துக்கு ஒரு நித்திய அட்டவணை உண்டு. காலையில சுத்தமா இருக்கும். மதியம் 1, 2 மணிக்கு மலை முகட்டுல வெள்ளைப் பொதி எழும்பும். கடல்காத்து உள்ள வந்து மலைப்பக்கத்துக் காத்தோட முட்டுற இடத்துல 3 மணியில இருந்து 7 மணி வரைக்கும் இடிமழை. வெயிலோட சூடுதான் அதுக்கு விறகு. பொழுது சாஞ்சதும் விறகு தீர்ந்துபோகும், 9, 10 மணிக்கு மேல புதுசா எழும்பாது. ஆனா செத்த இடிமேகத்தோட தலைப்பக்கம், கொல்லன் பட்டறைக்கல் மாதிரி தட்டையா விரிஞ்சு நிக்கிற பனித்துகள் மேகம், அதுக்கப்புறமும் 3, 4 மணி நேரம் வானத்துல தொங்கும். நம்மைக் கெடுக்கிறது மழையை விட இந்தத் தொங்கல்தான். மழை இல்ல, வானமும் கருப்பாத்தான் தெரியும். எடுத்த படத்துல மட்டும் நட்சத்திரமெல்லாம் ஊறின பஞ்சு மாதிரி வீங்கியிருக்கும்.

உங்க நேரம் இதுக்குச் சாதகமா இருக்கு. மே 16 அன்னைக்கு உவரியில பால்வெளி மையம் ராத்திரி சுமார் 8:45க்குக் கடல் மேல கிழக்கு-தென்கிழக்கா எழும். 10 மணிக்கு மூட்டத்துக்கு மேல வந்துரும். 2:30 வாக்குல நேர் தெற்கே, சுமார் 53 பாகை உயரத்துல நிக்கும். 4:40க்கு விடியல் வெளிச்சம் ஆரம்பம். மேகம் கலையற நேரமும் மையம் உயரத்துல நிக்கிற நேரமும் ஒண்ணா விழுது. அதனால மேல சொன்ன கணக்குப்படி இது போகத் தகுந்த ராத்திரி. இதே 60% ஜூலையில வந்தா என் பதில் வேற.

டெலஸ்கோப்பை வீட்ல விட்டுட்டு வாங்க. ஏன்னு கீழ கேட்டா விவரமா எழுதுறேன்.

பொதிகைச்சாரல் | புதன், இரவு 10:50

ஆப் காட்டுற மேக சதவீதம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா அதை எவ்வளவு நம்பலாம்னு புரியும். ஜிஎஃப்எஸ்ங்கிற அமெரிக்கக் கணிப்போட கட்டம் சுமார் 25 கி.மீ. அகலம். மலை முகட்டுல இருந்து சமவெளி வரைக்கும் ஒரே கட்டத்துக்குள்ள அடங்கிரும், பொதிகை உச்சியும் கல்லிடைக்குறிச்சி வயலும் அதுக்கு ஒண்ணுதான். ஐரோப்பியக் கணிப்பு 9 கி.மீ., அது கொஞ்சம் பரவாயில்ல. ரெண்டும் ஒத்துப்போனா நம்பிக்கை வைக்கலாம்.

முடிவை ஒரே தடவையில எடுக்காதீங்க. நாலு படியா எடுங்க:

வெள்ளி ராத்திரி: விண்டி (Windy) வானிலை ஆப்ல தாழ் மேகம், இடை மேகம், உயர் மேகம் மூணையும் தனித்தனியா திறங்க. மொத்த மேகம்ங்கிற பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். சனி நள்ளிரவுக்குத் தாழ் மேகம் மட்டும் காட்டுதுன்னா இடைவெளி கிடைக்கும். உயர் மேகம் ரெண்டு கணிப்புலயும் வானத்தை முழுசா மூடியிருந்தா அங்கேயே நிறுத்திரலாம்.

சனி மதியம் 2: அதே விண்டியில 700 ஹெக்டோபாஸ்கல் (சுமார் 3 கி.மீ. உயரம்) காத்து எந்தத் திசையில போகுதுன்னு பாருங்க, இடிமேகம் அந்தப் பக்கம்தான் நகரும். 300 ஹெக்டோபாஸ்கல் (சுமார் 9 கி.மீ. உயரம்) காத்து எங்க போகுதோ, பட்டறைத் தலை அந்தப் பக்கம் விரியும். 300ல காத்து மலையில இருந்து கடலைப் பார்த்து வந்தா உவரிக்கு ஆகாது. மேற்கே கேரளத்தைப் பார்த்துப் போனா உங்களுக்கு நல்லது.

சனி சாயங்காலம் 6: இன்சாட் செயற்கைக்கோளோட அகச்சிவப்புப் படம். அரை மணிக்கு ஒண்ணு வரும், கடைசி நாலு படத்தை வரிசையா ஓட்டிப் பாருங்க. வெள்ளைத் திட்டு பெருகுதா, ஓரம் கந்தலாகிச் சாம்பல் நிறத்துக்கு மாறுதா? கந்தலானா மேகம் சாகுதுன்னு அர்த்தம். கூடவே திருவனந்தபுரம் டாப்ளர் ரேடார்.

ராத்திரி 9: கடைசிப் படி. அந்த நேரத்துல நாங்குநேரியில இருக்கிற மாதிரி கிளம்புங்க. வானிலை மையம் மாவட்ட வாரியா போடுற 3 மணி நேர அறிவிப்பைப் பார்த்துட்டு, அங்கிருந்து திசையன்விளை வழியா கடற்கரையா, வீட்டுக்கான்னு முடிவு பண்ணலாம். திரும்புனாலும் பாதி டீசல்தான் நஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. அகச்சிவப்புப் படம் வெப்பத்தைத்தான் பார்க்கும். தாழ்ந்து கிடக்கிற மேகம் தரையோட சூட்டுலயே இருக்கிறதால அந்தப் படத்துல காணாமப் போயிரும். படம் சுத்தமா இருக்கு, தலைக்கு மேல மூடி கிடக்குன்னா காரணம் இதுதான். அதுக்கு "இரவு மைக்ரோபிசிக்ஸ்"னு ஒரு வண்ணப் படம் போடுறாங்க, அதையும் சேர்த்துப் பாருங்க.

காத்தாடிக்காடு | வியாழன், காலை 6:30

இடத்தைப் பத்தி. மணிமுத்தாறை விட்டுருங்க. மலை ஓரத்துல ராத்திரி குளிர்ந்த காத்து இறங்கி, மழை நனைச்ச வயல்ல மூட்டம் போடும். மேற்குப் பக்கம் மலை மறைக்கும், தலைக்கு மேல முகட்டு மேகம் ஒட்டிக்கிட்டே இருக்கும். அதுக்கு மேல போனா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக எல்லை. மாஞ்சோலை ரோட்ல போகவே வனத்துறை அனுமதி வேணும். ராத்திரி கேமராவை வச்சு நிக்கிற பேச்சே கிடையாது.

உவரி மலையில இருந்து நேர்கோட்டுல 40 கி.மீ.க்கு மேல தள்ளி இருக்கு, மே மாசத்துக்கு அதுதான் அதோட பலம். தெற்கும் தென்கிழக்கும் வெறும் கடல். கூடங்குளத்து வெளிச்சம் தென்மேற்குல ஒரு மஞ்சள் மேடு மாதிரி நிக்கும், திருச்செந்தூர், தூத்துக்குடி வெளிச்சம் வடகிழக்குல. மையம் எழும்புற திசையும் உச்சிக்கு வர்ற திசையும் ரெண்டுக்கும் நடுவுல இருட்டுல விழுது. 3:30க்கு மேல மையம் தென்மேற்குக்குச் சாயும், அப்போ கூடங்குளத்து வெளிச்சத்துக்குள்ள போயிரும். அதனால எடுக்கிறதை 3:30க்குள்ள முடிங்க. கோயில், மாதா கோயில் விளக்குல இருந்து ஊருக்கு வெளிய ரெண்டு கி.மீ.யாவது தள்ளி நில்லுங்க. அமாவாசைங்கிறதால சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குச் சனம் வரும், வண்டி வெளிச்சம் ஓயாது.

விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணுமின் நிலையம் இந்த மூணையும் சுத்தி எங்கயும் முக்காலியை விரிக்காதீங்க, ரோட்டோரம்னாலும். எங்க நிக்கப் போறீங்களோ அந்தக் காவல் நிலையத்துல வண்டி நம்பரும் எத்தனை பேருங்கிறதும் முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க. மீனவர் குடியிருப்புலயும் ஒரு வார்த்தை.

தேரிக்காடு நல்ல இருட்டு. ஆனா காத்து அடிச்சா செம்மண் பொடி லென்ஸ் வளையத்துக்குள்ள போயிரும், ஜூம் லென்ஸுக்கு அது எமன். காத்து மணிக்கு 15 கி.மீ. தாண்டினா அங்க வேண்டாம்.

பனங்காட்டு ராத்திரி | வியாழன், காலை 8:15

நன்றி அண்ணாச்சி. ரெண்டு கேள்வி. எவ்வளவு நேரம் இடைவெளி கிடைச்சா போனது வீணாகாதுன்னு சொல்லலாம்? டெலஸ்கோப் ஏன் வேண்டாம்?

கேட்டை மூலம் | வியாழன், காலை 11:20

ரெண்டுக்கும் பதில் ஒரே கணக்குலதான் இருக்கு.

ஒரே காட்சியோட படங்களைக் கணினியில ஒண்ணா அடுக்கும்போது இரைச்சல் (படத்துல தெரியற பொரிப்பொரியான புள்ளி) குறையறது படங்களோட எண்ணிக்கையின் வர்க்கமூலப்படி. 16 படம் அடுக்குனா 4 மடங்கு, 64 படத்துக்கு 8 மடங்கு, 256 படத்துக்கு 16 மடங்கு. இப்போ உங்க 24 மி.மீ. எஃப் 1.8ஐ எடுத்துக்கிடுங்க. டிராக்கர் இல்லாம நட்சத்திரம் இழுபடாம இருக்கணும்னா எவ்வளவு நேரம் திறக்கலாம்? 35ஐ எஃப் எண்ணால பெருக்கி, 30ஐ மைக்ரானில் உள்ள பிக்சல் அளவால பெருக்கி, ரெண்டையும் கூட்டி, லென்ஸ் நீளத்தால வகுங்க. பிக்சல் 6 மைக்ரான்னா (63 + 180) ÷ 24, சுமார் 10 விநாடி. 14 மி.மீ. எஃப் 2.8க்கு இதே கணக்கு 20 விநாடி வரும்.

10 விநாடி படம், நடுவுல 1 விநாடி. 16 படத்துக்கு 3 நிமிஷம் கூட ஆகாது. 64 படத்துக்கு 12 நிமிஷம். அதாவது, மேகத்துக்கு நடுவுல கால் மணி நேரம் சுத்தமான கிழிசல் ஒண்ணு கிடைச்சா 8 மடங்கு கையில வந்துருச்சு. அதுக்கு மேல 16 மடங்குக்குப் போகணும்னா முக்கால் மணி நேரத்துக்கு மேல வேணும். லாபம் முழுசும் முதல் கால் மணியிலதான். அகலக் கோணத்துக்கு மோசமான வானிலையில துணிஞ்சு போகலாம்னு சொல்றதுக்கு அடிப்படையே இதுதான்.

டெலஸ்கோப்புக்கு இது பொருந்தாது. துருவ சீரமைப்பு (அச்சை வான துருவத்துக்கு நேரா வைக்கிறது), சமநிலை, கைடிங் (ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சு நகர்வைத் திருத்துறது)னு நிறுத்தி முடிக்கவே ஒரு மணி நேரம். மங்கலான பொருளுக்கு 3, 4 மணி நேர வெளிச்சம் சேர்க்கணும். நடுவுல பத்து நிமிஷம் மேகம் மறைச்சா கைடிங் நட்சத்திரம் போயிரும், திரும்பத் தேடணும். தூறல் விழுந்தா லென்ஸை 10 விநாடியில பைக்குள்ள போட்டுரலாம், டெலஸ்கோப்பை முடியாது. நிச்சயமா தெளிஞ்ச வானம் கிடைக்கிற மாசி, பங்குனிக்கு அதை வச்சுக்கிடுங்க.

135 மி.மீ. வேணும்னா டிராக்கர்ல ஒமேகா சென்டாரியை முயற்சி பண்ணலாம். அன்னைக்கு 10:10க்கு நேர் தெற்கே 34 பாகையில இருக்கும். பிரகாசமான கோள வடிவ நட்சத்திரக் கொத்து, 30 விநாடி வீதம் 20 படம் போதும்.

இடைவெளியை நம்பிப் போறவங்க மறக்கக் கூடாத விஷயங்கள்:

கேமராவுல நீண்ட நேர இரைச்சல் குறைப்பை அணைச்சு வைங்க. அது ஓடினா 10 விநாடி படத்துக்கு அடுத்த 10 விநாடி கேமரா மூடிக் கிடக்கும், கிடைச்ச கிழிசல்ல பாதி போச்சு. அதுக்குப் பதிலா மேகம் மூடுற நேரத்துல லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே விநாடியில 25 டார்க் (இரைச்சலை மட்டும் பதிஞ்சு அப்புறம் கழிக்கிறதுக்கான இருட்டுப் படம்) எடுத்துக்கிடுங்க. நம்ம ஊர் வெக்கையில சென்சார் சூடு ராத்திரியிலும் 30ஐத் தாண்டும். சுமார் 6 பாகை கூடினா அந்த இரைச்சல் ரெண்டு மடங்காகும். டார்க் எடுக்காம விடாதீங்க.

முன்புலத்துக்குச் சுத்தமான வானம் தேவையே இல்ல. முழுசா மூடிக் கிடக்கும்போதே, முக்காலியை அசைக்காம, ஐஎஸ்ஓ 1600ல 3, 4 நிமிஷம் திறந்து பாறையையும் அலையையும் எடுத்து வச்சிருங்க. கிழிசல் வந்தா வானத்துக்கு மட்டும் நேரம்.

குவியத்தை இருட்டினதுமே சுவாதியிலோ சித்திரை நட்சத்திரத்திலோ 10 மடங்கு பெரிசாக்கிப் பார்த்துப் பிடிச்சு, வளையத்தை டேப்பால ஒட்டிருங்க. கிழிசல் வந்தப்புறம் குவியம் தேடாதீங்க. டேப் ஒட்டினாலும் மணிக்கொருக்கா சரிபாருங்க. 34ல இருந்து 27 பாகைக்கு இறங்கும்போது லென்ஸ் கொஞ்சம் நகரும்.

பனோரமா அன்னைக்கு வேண்டாம். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவுல மேகம் நகர்ந்துரும், தையல் போடும்போது துண்டு துண்டா நிக்கும்.

உப்பளக்காத்து | வியாழன், பகல் 1:40

எல்லாரும் படத்தைப் பத்தியே பேசுறீங்க. மின்னலைப் பத்தி யாரும் ஒரு வரி எழுதல. திறந்த கடற்கரையில, தேரியில, அணைக்கரையில உயரமா நிக்கிறது மனுஷனும் முக்காலியும்தான். கார்பன் ஃபைபர் முக்காலியும் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்துக்கு அது மாற்று இல்ல. என்னைக் கேட்டா இடிமழை அறிவிப்பு இருக்கிற ராத்திரியில போகவே கூடாது.

பொதிகைச்சாரல் | வியாழன், பகல் 2:30

உப்பளக்காத்து சொல்றது சரி, இதை நான் முதல்லயே எழுதியிருக்கணும். போகவே கூடாதுங்கிறதுல மட்டும் கருத்து வேற. எண்ணிப் பார்க்கிறதுக்கு ஒரு வழி இருக்கு.

மின்னல் வெட்டினதும் எண்ண ஆரம்பிங்க. 3 விநாடிக்கு 1 கி.மீ. இடிச்சத்தம் 30 விநாடிக்குள்ள கேட்டா மேகம் 10 கி.மீ.க்குள்ள இருக்கு. யோசிக்காம முக்காலியைப் போட்டது போட்டபடி விட்டுட்டு காருக்குள்ள, கண்ணாடியை ஏத்திட்டு உட்காருங்க. கேமராவை எடுக்கத் திரும்பி ஓடாதீங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் இறங்கணும். நடுவுல ஒரு இடி கேட்டா அந்த 30 நிமிஷம் மறுபடி முதல்ல இருந்து. பனைமரத்தடி, மீன் ஏலக் கொட்டகை, மின்சாரக் காத்தாடித் தூண் எதுவும் ஒதுங்குற இடம் கிடையாது.

சத்தமே கேட்காம மேற்கே மலைப்பக்கம் மினுங்கிக்கிட்டே இருந்தா அது தூரத்து மேகம். 100 கி.மீ.க்கு அப்பால வெட்டுற மின்னலும் இருட்டுல தெரியும். அது தானா ஆபத்தில்ல. ஆனா கடற்கரைக்குன்னு தனியா ஒரு வில்லங்கம் உண்டு: பின்னிரவுல தரைக்காத்து கடலுக்குள்ள போய், 3, 4 மணிக்கு மன்னார் வளைகுடா மேல புதுசா இடிமேகம் கட்டும். மலையைப் பார்த்தே ராத்திரி பூரா நிக்கிறவங்க முதுகுக்குப் பின்னால அது வளர்றதைக் கவனிக்க மாட்டாங்க. மூணு பேர்ல ஒருத்தர் கடலை மட்டும் பார்க்கட்டும்.

ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைன்னா எந்தக் கணக்கும் வேண்டாம், வீட்லயே இருங்க.

உப்பளக்காத்து | வியாழன், மாலை 4:05

அந்த 30 நிமிஷத்தை ஒழுங்கா கடைப்பிடிக்கிறதா இருந்தா நானும் சம்மதிக்கிறேன். அதோட ஒண்ணு: மழைக்குப் பிறகு ஈசலுக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். ஓடைமரத்து மணல்ல சுருட்டைவிரியன் சகஜம். கணுக்கால் மூடின ஷூ போடுங்க, பையைத் தரையில திறந்து வைக்காதீங்க. கடிச்சா கட்டுப் போட்டு இறுக்காம, கீறாம, 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு.

தேரிமண் | வியாழன், இரவு 7:50

பனி. சாயங்காலம் மழை பெய்ஞ்ச தரையில ராத்திரி ஈரப்பதம் 90%ஐத் தொடும். காத்து 27 பாகை, ஈரப்பதம் 90%ன்னா பனி விழும் வெப்பநிலை 25.2. திறந்த வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்கிற லென்ஸ் கண்ணாடி காத்தை விட ரெண்டு பாகை கூடவே குளிர்ந்துரும். அதனால காத்தோட வெப்பநிலைக்கும் பனி விழும் வெப்பநிலைக்கும் வித்தியாசம் 3 பாகைக்குள்ள வந்தாலே ஹீட்டரைப் போட்டுரணும். பனி படிஞ்சதுக்கப்புறம் போட்டா கண்ணாடி தெளிய 20 நிமிஷம் ஆகும், அதுக்குள்ள கிழிசல் மூடிரும்.

படிஞ்சிருக்கான்னு நேரா பார்த்தா தெரியாது. சின்ன டார்ச்சைப் பக்கவாட்டுல, கண்ணாடியோட கிட்டத்தட்ட ஒட்டின மாதிரி பிடிங்க. சுத்தமா இருந்தா உள்ள கருநீலமா ஆழமாத் தெரியும். பனி இருந்தா ஒரு சாம்பல் திரை, யாரோ மூச்சு விட்ட மாதிரி.

ஹீட்டர் வாங்கித்தான் ஆகணும்னு இல்ல. 77 மி.மீ. லென்ஸுக்கு: 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் 14. ரெண்டு மெல்லிய செப்புக் கம்பிக்கு நடுவுல ஏணிப்படி மாதிரி 17 மி.மீ. இடைவெளியில பற்றவைங்க, எல்லாம் இணையா. 12 வோல்ட்டுல ஒவ்வொண்ணும் 0.3 வாட், மொத்தம் 4.3 வாட், 0.36 ஆம்பியர். மேல இன்சுலேஷன் டேப், அதுக்கு மேல பழைய வேட்டித்துணி ரெண்டு சுத்து, நுனியில வெல்க்ரோ. முன் கண்ணாடிக்குச் சட்டுனு பின்னால கட்டுங்க, குவிய வளையத்துல படக் கூடாது. யுபிஎஸ்ல இருக்கிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி 6 மணி நேரத்துக்கு 2.1தான் செலவழிக்கும், தாராளம். பாசிட்டிவ் கம்பியில 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

யுஎஸ்பி ஹீட்டர்னா 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5 வாட்டுக்கு ஏறக்குறைய 6 மணி நேரம் தாங்கும்.

கடற்கரைன்னா உப்பு. அலை ஓரத்துல இருந்து காத்து உங்களைப் பார்த்து அடிச்சா அரை மணியில கண்ணாடி பிசுபிசுக்கும். உலர்ந்த துணியால தேய்க்காதீங்க, உப்புக் கல்லு பூச்சைக் கீறிரும். ஊதி, காய்ச்சி வடிச்ச தண்ணியில நனைச்ச தாளால ஒத்தி எடுத்து, அப்புறம் துடைங்க. வீட்டுக்கு வந்ததும் முக்காலிக் கால்களைக் கழட்டி நல்ல தண்ணியில அலசணும். மணல்ல நடும்போது காலை ஒரு சாண் ஆழம் அழுத்துங்க. ஈர மணல் வேண்டாம், ஒவ்வொரு அலைக்கும் அது இளகும்.

பனங்காட்டு ராத்திரி | வியாழன், இரவு 9:30

ரெசிஸ்டர் கணக்குக்கு ரொம்ப நன்றி, நாளைக்கே பற்றவைக்கிறேன். டிராக்கர் பத்தி ஒண்ணு. துருவ நட்சத்திரம் இங்க 8 பாகைதான் உயரம். மேகமும் மூட்டமும் இருந்தா தெரியவே தெரியாதே, சீரமைப்பு எப்படி?

கேட்டை மூலம் | வியாழன், இரவு 10:15

உவரியில 8.3 பாகை. பனைமரத்துக்குப் பின்னாலயே போயிரும், வடக்கே ஊர் வெளிச்சம் வேற. அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீங்க. போன் காம்பஸ்ல வடக்கு, போன் சாய்வுமானியில 8.3 பாகை, அவ்வளவுதான். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்க 2 பாகைக்குள்ளதான் வித்தியாசம். காம்பஸ் பார்க்கும்போது கார், முக்காலி, பேட்டரி எல்லாத்துலயும் இருந்து நல்லாத் தள்ளி நில்லுங்க.

2 பாகை பிசகுனா என்ன ஆகும்? விநாடிக்கு அதிகபட்சம் அரை ஆர்க்விநாடி (ஆர்க்விநாடின்னா பாகையில 3600ல ஒரு பங்கு) நகர்வு, 60 விநாடிக்கு 31. 24 மி.மீ. லென்ஸ்ல ஒரு பிக்சலே 52 ஆர்க்விநாடி, அதனால தெரியாது. 35 மி.மீ. வரைக்கும் சமாளிக்கலாம். 135ல பிக்சல் 9 ஆர்க்விநாடிதான், 60 விநாடியில மூணு பிக்சலுக்கு மேல இழுத்துரும். அதனால ஒமேகா சென்டாரிக்கு 30 விநாடியைத் தாண்டாதீங்க, இழுத்தா 15க்கு இறக்குங்க.

இன்னொண்ணு, இவ்வளவு தாழ்ந்த அட்சரேகையில டிராக்கர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில இருக்கும். எடைக்கம்பி முக்காலிக் காலை இடிக்குதான்னு வீட்டு மொட்டை மாடியிலேயே ஒரு முழுச் சுத்து சுத்திப் பாருங்க.

வடகால் வரப்பு | வெள்ளி, காலை 7:10

இதே கணக்கை ஆடி அமாவாசைக்கும் போடலாமா? அப்போ இருட்டினதுமே மையம் உயரத்துல இருக்குமே.

காத்தாடிக்காடு | வெள்ளி, காலை 9:00

ஆகஸ்ட் நடுவுல 8:40 வாக்குல நேர் தெற்கே வந்துரும், அந்த வகையில வசதிதான். ஆனா மேகத்தோட இயல்பே வேற. மே மாசம் போல வெயில் கட்டி வெயிலோட சாகுற மேகம் கிடையாது அது. அரபிக் கடல்ல இருந்து பகலும் ராத்திரியும் ஓயாம வரும். குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு முழுக்க மூடிக் கிடக்கும். ஆனா முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குற காத்து சூடாகி உலர்ந்துரும், மேகம் கண்ணெதிர்ல கரையும். மலைக்கு நேர் கிழக்கே கிடக்கிற மழை மறைவுப் பட்டையில, திசையன்விளை, உவரி, சாத்தான்குளம் பக்கம், அதனால அந்த மாசத்துலயும் கிழிசல் கிடைக்கும். கிழக்கே போகப் போக வானம் திறக்கும்னு வச்சுக்கிடுங்க. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்க்கு நேர் எதிர்ல மட்டும் நிக்காதீங்க, காத்தோட மேகமும் அது வழியாத்தான் உள்ள வரும்.

வானம் திறந்தாலும் காத்து விடாது. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர் இது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காத்தாடி எதுக்கு அத்தனை நிக்குதுன்னு யோசிங்க. முக்காலியோட நடுத்தண்டை உயர்த்தாதீங்க, கால்ல தடிமனான மேல்பகுதியை மட்டும் நீட்டுங்க, கேமரா வாரைக் கழட்டிருங்க, காரைக் காத்துக்குக் குறுக்க நிறுத்தி அதோட மறைவுல நில்லுங்க. பையைத் தொங்கவிட்டா அது தரையில பட்டு நிக்கணும். அந்தரத்துல ஆடினா அதுவே முக்காலியை ஆட்டும். 14 மி.மீ. போதும், டிராக்கர் வேண்டாம்.

அப்புறம் கூட்டம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தய்யனார் கோயில்ல லட்சக்கணக்குல சனம், கடற்கரைக் கோயில்கள்லயும் அப்படித்தான். அதனால அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்ன பின்ன வைங்க. சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் ஊர் ஊருக்குக் கோயில் கொடை (திருவிழா) நடக்கும், பெரும்பாலும் செவ்வாய், வெள்ளி. சீரியல் செட் வெளிச்சம் விடிய விடிய எரியும். இடம் பார்க்கப் போகும்போதே எந்த ஊர்ல என்னைக்குக் கொடைன்னு டீக்கடையில கேட்டுருங்க.

வடகால் வரப்பு | வெள்ளி, காலை 9:40

ஐப்பசி, கார்த்திகை?

பொதிகைச்சாரல் | வெள்ளி, காலை 10:10

வேண்டாம். அப்போ மையமும் சூரியனோட சாஞ்சிரும். வடகிழக்குப் பருவமழையில கடலோரம்தான் முதல்ல அடி வாங்கும். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டினதை மறந்துரக் கூடாது. தரைப்பாலம் முழுகினா திரும்ப வழி இருக்காது. ஒரு காற்றழுத்தத் தாழ்வு கடந்து போய், வறண்ட காத்து இறங்குற ரெண்டு மூணு ராத்திரி மட்டும் தூசெல்லாம் கழுவின வானமா அபூர்வத் தெளிவோட இருக்கும், ஓரியனுக்கும் அகத்தியர் நட்சத்திரத்துக்கும் அது நல்ல நேரம்.

தேரிமண் | வெள்ளி, பகல் 12:25

மெல்லிய உயர் மேகம் இருக்கான்னு அந்த இடத்துல கண்டுபிடிக்க ஒரு வழி. நள்ளிரவுக்கு விருச்சிகத்தோட வாலைப் பாருங்க. மூலம் நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே எம் 7 நட்சத்திரக் கொத்து. வெறுங்கண்ணுக்கு அது கிள்ளிப் போட்ட பஞ்சு மாதிரி தெரிஞ்சா வானம் சுத்தம், எடுங்க. கேட்டையும் மூலமும் பளிச்சுனு இருக்கு, எம் 7 மட்டும் காணோம்னா மேல திரை இருக்கு.

ஊருக்குள்ள மேகம் வெளுப்பா தெரியும், கீழ விளக்கு இருக்கிறதால. உண்மையான இருட்டுல மேகம் நட்சத்திரத்தை அழிச்ச கருப்பு ஓட்டையாத்தான் தெரியும். இருட்டுக்குப் புதுசா வர்றவங்க அந்தக் கருப்பைச் சுத்தமான வானம்னு நினைச்சு லென்ஸைத் திருப்பிருவாங்க.

கேட்டை மூலம் | வெள்ளி, பகல் 1:15

அடுக்குறதைப் பத்தியும் சொல்லிடறேன். மேகம் பட்ட படத்தையும் சேர்த்துப் போட்டா சிக்மா கிளிப்பிங் (மத்த படங்கள்ல இல்லாத புள்ளியை மென்பொருளே வெட்டுற முறை) பார்த்துக்கிடும்னு நினைக்காதீங்க. விமானக் கோடு, செயற்கைக்கோள் கோடு மாதிரி ஓரிரு படத்துல மட்டும் இருக்கிறதைத்தான் அது வெட்டும். நூறுல நாப்பது படத்துல மேகம் இருந்தா அதுக்கு மேகமும் இயல்புதான், வானத்துல திட்டுத் திட்டா கறை நிக்கும்.

சிரில்ங்கிற அடுக்குற மென்பொருள்ல படங்களை நட்சத்திரம் பார்த்துப் பொருத்தினதும் ஒவ்வொண்ணுக்கும் நட்சத்திர எண்ணிக்கையும் அகலமும் வரைபடமா வரும். எண்ணிக்கை திடீர்னு சரியற இடமெல்லாம் மேகம். அந்தப் படங்களைத் தயங்காம நீக்குங்க. 64 சுத்தமான படம், 150 கலப்படப் படத்தை விட நல்லாவே வரும். சீக்வேட்டர்ங்கிற இன்னொரு மென்பொருள்ல இந்த வரைபடம் இல்ல, அதனால முதல்ல கண்ணால பார்த்துக் கழிச்சுட்டுத்தான் உள்ள விடணும்.

பனங்காட்டு ராத்திரி | வெள்ளி, இரவு 10:20

ரெண்டு கணிப்பும் பார்த்தாச்சு. சனி நள்ளிரவுக்குத் தாழ் மேகம் கொஞ்சம், உயர் மேகம் ஐரோப்பியக் கணிப்புல 20%, ஜிஎஃப்எஸ்ல 45%. எச்சரிக்கை மஞ்சள். டெலஸ்கோப் வரல. 24 மி.மீ. முதல் கேமராவுல, 14 பையில, ஹீட்டர் பற்றவச்சு மாடியில ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாச்சு, கை பொறுக்கிற சூடு. நாளைக்கு 7:30க்குக் கிளம்பி 9க்கு நாங்குநேரி. கடலைப் பார்க்கிற வேலை யாருக்குன்னும் முடிவு பண்ணியாச்சு. ஏதாவது விட்டுப்போச்சா?

தேரிமண் | வெள்ளி, இரவு 10:45

பேட்டரியை இன்னைக்கு ராத்திரியே முழுசா ஏத்தி வைங்க, நாளைக்குக் காலையில வோல்ட் மீட்டர்ல 12.7க்குக் குறையாம இருக்கணும். காருக்குள்ள மேல் விளக்கு கதவு திறந்தா எரியாத மாதிரி இப்பவே அணைச்சிருங்க.

காத்தாடிக்காடு | வெள்ளி, இரவு 11:05

நாங்குநேரியில இருந்து கிளம்பும்போது 300 ஹெக்டோபாஸ்கல் காத்தை இன்னொரு தடவை பாருங்க. கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தா உவரிக்கு மேல பட்டறைத் தலை வந்து சேர எப்படியும் 11 மணி ஆகும். அப்படின்னா எழும்புற மையத்தை 9:45ல இருந்து 10:45க்குள்ள எடுக்கிற மாதிரி வண்டியை நிறுத்தினதும் முக்காலியை விரிச்சிருங்க, சாப்பாடு அப்புறம்.